ரெக்சின் எருமை

அட்டையைத் திருப்பிப் போடாமல் வைத்தது யார் என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. மச்சான்தான் என்று நினைக்கிறேன். மச்சான் இன்றுவரை நான்தான் என்கிறார். இரண்டு பேருக்கும் அதில் பங்கு உண்டு என்பது என் மனைவி ஜோதியின் கட்சி. ஆனால் அவள் அப்போது அடுப்படியில் இருந்தாள். நடந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் அந்த ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஒன்றாக மாறிவிட்டது. ஆகவே நான் சொல்வதில் முன்பின் இருக்கலாம். எருமை மட்டும் நிச்சயம். அது எங்கள் வீட்டு அலமாரியில் நிற்கிறது, கொஞ்சம் சாய்ந்தபடி.

மச்சான் என்றால் ஜோதியின் மூத்த அண்ணன் அய்யம்பெருமாள். பாடாலூரில் நெடுஞ்சாலை ஓரமாக, பைக்குகளுக்கு சீட் கவர் தைக்கும் கடை வைத்திருக்கிறார். சாலைக்கு அந்தப் பக்கம் அதே வேலைக்கு இன்னொரு கடை. அது அவருடைய தம்பி பாலாஜியின் கடை. அண்ணனிடம் தொழில் பழகியவன், ஒரு நாள் காலையில் ஒரு வார்த்தை சொல்லாமல் எதிரில் ஷட்டரைத் தூக்கினான். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. நாள் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி தைக்கிறார்கள். குறுக்கே லாரி போகும்போதுதான் இருவருக்கும் கொஞ்சம் ஓய்வு.

என் மகள் தமிழ்மொழிக்கு அப்போது ஐந்து வயது. காது குத்தியிருக்கவில்லை. குத்த முயன்றோம். தா.பழூர் பக்கம் எங்கள் குலதெய்வமான அய்யனார் கோயிலுக்கு வேன் பிடித்துப் போனோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மூத்த தாய்மாமன் என்ற முறையில் மச்சான் பட்டுத் துண்டோடு சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஆசாரி தங்கக் கம்பியை எடுத்ததும் பிள்ளை நெளிந்தாள். மச்சான் அவளை இரண்டு கைகளாலும் அமுக்கிப் பிடித்தார். சீட்டின் மேல் ரெக்சினை இழுத்துப் பிடிக்கிற பிடி அது. அவள் அவர் மணிக்கட்டைக் கடித்துவிட்டு ஓடி, வேனுக்குள் சீட்டுக்கு அடியில் புகுந்துகொண்டாள். எவ்வளவு கெஞ்சியும் வரவில்லை. வந்தவர்கள் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

போகும்போது என் பங்காளி வகையில் பெரியவரான சாமிக்கண்ணு, பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார்: "அடுத்த தடவ சின்ன மாமன் மடியில வெச்சுப் பாருங்கப்பா. புள்ளைக்கு இவன் மடி ஒத்துக்கல."

மச்சான் அதைக் கேட்டுவிட்டார். திரும்பும் வழியில், அரியலூர் தாண்டும்வரை மணிக்கட்டைத் தடவிக்கொண்டே வந்தார். பிறகு ஜோதியிடம், "மூத்தவன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப அவன் மடியா? நான் செத்துட்டனா?" என்றார். அடுத்த தடவை பிள்ளை தன் மடியில் உட்கார வேண்டும், சொந்தபந்தம் அத்தனை பேரும் அதைப் பார்க்க வேண்டும். அதன் பிறகு அவருக்கு வேறு நினைப்பே இல்லை.

எருமை இடையில் வந்தது. பாடாலூருக்கு மாமியார் வீட்டுக்குப் போயிருந்தபோது, பக்கத்து வீட்டு எருமைக் கன்றுக்குக் கால்நடை ஆஸ்பத்திரி ஆள் வந்து காதில் மஞ்சள் அடையாள வில்லை அடித்ததைத் தமிழ்மொழி பார்த்திருக்கிறாள். கன்று ஒரு தடவை தலையை உதறிவிட்டுத் தாயின் மடிக்கு முட்டப் போய்விட்டதாம். வீட்டுக்கு வந்ததும் அறிவித்தாள்: "எரும கம்மல் போட்டுக்கிச்சு. அழுவல. அது கூட வந்தா நானும் குத்திக்கிறேன். மொதல்ல அதுக்குக் குத்தணும், அப்பறம் எனக்கு."

"கன்னுக்குட்டியக் கெடா வெட்டுற எடத்துக்கு ஓட்டிக்கிட்டுப் போனா, அது திரும்பி வரும்னு எந்தப் புண்ணியவான் நம்பிக் குடுப்பான்?" என்றாள் ஜோதி.

பொம்மை எருமை வாங்கித் தரலாம் என்று பெரம்பலூரில் கடை கடையாக ஏறினேன். கரடி இருந்தது, முயல் இருந்தது, ரோஸ் நிறத்தில் யானைகூட இருந்தது. "எருமையா?" என்று கேட்ட ஒரு கடைக்காரர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எருமைய யாருங்க சார் கொஞ்சுவாங்க?"

மச்சானிடம் போனில் சொன்னபோது அவர் யோசிக்கவே இல்லை. "கறுப்பு ரெக்சின் என்கிட்ட கெடக்கு. சீட்டே தைக்கிறவன் எரும தைக்க மாட்டனா? பெரிய மாமன் தச்சுக் குடுத்துச்சுன்னு புள்ள மடியில வந்து தானா குந்தும் பாருங்க."

காதுகுத்துக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், சாக்குப் பையோடு பெரம்பலூரில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். கடையிலேயே மெஷினில் தைத்திருக்கலாமே என்று கேட்டேன்.

"எதிர்ல குந்திப் பாத்துக்கிட்டே இருப்பான் மாப்ள. அண்ணன் பொம்ம தைக்கிறான்னு ஊரெல்லாம் சொல்லுவான். மெஷினத் தலையில தூக்கிக்கிட்டா வர முடியும்? கையில தச்சிருவோம். ஒரு மணி நேர வேல."

கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். நான் அன்று படிக்க எடுத்து வைத்திருந்த புத்தகத்தின் மேல் அவர் ஸ்பாஞ்சு மூட்டையை வைத்தார். பிஸ்கட் அட்டைப் பெட்டியைப் பிரித்து என்னை எருமை வரையச் சொன்னார்.

"என்னா மாப்ள இது, நாயா?"

"எருமைங்க மச்சான்."

"எருமைக்கு வயிறு தொங்கணும். இது பட்டினி கெடந்த நாயி. மறுக்கா போடுங்க."

மறுபடி வரைந்தேன்.

"இப்ப பன்னி. பரவால்ல, கொம்பு வெச்சா எருமையாயிரும்."

அட்டையை வெட்டி, ரெக்சினின் பின்பக்கத்து வெள்ளைத் துணியின் மேல் வைத்துப் பேனாவால் சுற்றிக் கோடு போட்டோம். ஒரு தடவை வைத்து ஒரு பக்கம். இன்னொரு தடவை வைத்து இன்னொரு பக்கம். மச்சான் வெட்டினார். அவருடைய கத்தரிக்கோல் ரெக்சினில் போகும் சத்தம் கேட்க நன்றாகத்தான் இருந்தது. வெட்டிய இரண்டு துண்டுகளையும் பளபளப்பான பக்கம் உள்ளே இருக்கும்படி ஒன்றின் மேல் ஒன்று வைத்தார். ஒன்றின் தலை வந்த இடத்தில் மற்றதன் பின்புறம் வந்தது. சுற்றி வைத்தார். அப்போது கால்கள் மேலே போயின. நாங்கள் இரண்டு இடப்பக்கம் வெட்டியிருந்தோம்.

"அட்டயத் திருப்பல நீங்க," என்றார்.

"அட்டைய வெச்சது நீங்க. நான் பேனாதான் புடிச்சிருந்தேன்."

"பேனா புடிச்சவருக்குத் தெரிய வேணாமா? படிச்சவரு."

"தைக்கிறவருக்குத் தெரிய வேணாமா?"

"சீட்டுக்கு ஏது மாப்ள இடது வலது? எப்படிப் பொரட்டிப் போட்டாலும் குந்துற எடந்தான்."

தமிழ்மொழி வந்து பார்த்தாள். "ரெண்டு எருமையா?" என்று கேட்டாள். அவளுக்குச் சந்தோஷம்.

ஒரு துண்டைப் புரட்டிப் போட்டு, வெள்ளைத் துணிப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி தைத்துவிடலாம் என்றார் மச்சான். ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெள்ளை. அப்படிச் சேர்த்துப் பிடித்துக் காட்டினார்.

"அது பசு," என்றாள் தமிழ்மொழி.

கறுப்பு அவ்வளவுதான். கடையில் இருந்த ரோலின் கடைசித் துண்டு அது. சாக்கில் சிவப்பும் காப்பிக்கொட்டை நிறமும் இருந்தன. திருச்சி மொத்தக் கடை ஞாயிற்றுக்கிழமை திறக்காது. அடுப்படியிலிருந்து ஜோதி தலையை நீட்டி, "எதிர்க் கடையில இருக்குமேண்ணே," என்றாள்.

"அவன்கிட்ட வாங்குறதுக்கு என் தோல உரிச்சுத் தைக்கலாம்."

அவள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

எனக்குப் பேச்சில்லாமல் இருப்பது பழக்கம். அதைப் பற்றி ஜோதிக்குப் புகார்கூட உண்டு. ஆனால் கத்தரிக்கோலைத் திறந்து மூடித் திறந்து மூடி உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு எதிரில் சும்மா இருப்பது வேறு. அவர் அந்த இரண்டு இடப்பக்கங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஸ்பாஞ்சு மூட்டைக்கு அடியில் மாட்டிய புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போகவும் முடியவில்லை. ஜோதி தயிர் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். நெடுநேரம் கழித்துத்தான் வந்தாள். கையில் தயிர் இல்லை; செய்தித்தாளில் சுற்றிய கறுப்பு ரெக்சின் இருந்தது.

மச்சான் அதை வாங்கிப் பிரித்தார். கட்டைவிரலால் தேய்த்தார். மடக்கி, மடிப்பை முகர்ந்து பார்த்தார். பின்பக்கத்துத் துணியை நகத்தால் சுரண்டினார்.

"எந்தக் கடை?"

"பஸ் ஸ்டாண்டுகிட்டண்ணே."

"ஞாயித்துக்கிழம தொறந்திருக்கானா?"

"தொறந்திருந்தான்."

அது பாலாஜியின் ரெக்சின். ஜோதி போன் செய்திருக்கிறாள்; அவன் பாடாலூரில் நின்ற பெரம்பலூர் பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டிருக்கிறான். அவள் எனக்குச் சொன்னது பிற்பாடுதான். மச்சானுக்கு விரல் வைத்ததுமே தெரிந்துவிட்டது என்று அவர் முகத்தில் பார்த்தேன். அவர் அட்டையை எடுத்து, எனக்குத் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்து, புரட்டி வைத்தார்.

"பாத்துக்குங்க மாப்ள. நான் திருப்பிட்டேன்."

பிறகு தையல் தொடங்கியது. ரெக்சினில் குண்டூசி குத்தி இரண்டையும் சேர்த்து வைக்க முடியாது. ஊசியை எடுத்தாலும் ஓட்டை அப்படியே நிற்கும். துணி மாதிரி மூடிக்கொள்ளாது. அதனால் கொடியில் இருந்த துணி கிளிப்புகளையெல்லாம் ஜோதியிடம் வாங்கி ஓரம் முழுக்கக் கவ்வ விட்டோம். காய்ந்துகொண்டிருந்த நான்கு துணிகள் மாடிப்படியில் கிடந்தன. நைலான் நூலில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, மரப்பிடி போட்ட குத்தூசியால் முதலில் ஓட்டை போட்டு, அதற்குள் நூல் ஊசியை விட்டு இழுக்க வேண்டும். ஓட்டை அவர், ஊசி நான். என் விரல் நுனிகள் எரிந்தன. தையலைப் பிரித்தால் பழைய ஓட்டை பல் இளிக்கும் என்பதால் தப்பாகப் போட்டதையும் பிரிக்காமல் அப்படியே விட்டோம்.

மச்சான் ஓட்டைகளை நெருக்கி நெருக்கிப் போட்டார். "நெருக்கமாப் போட்டாத்தான் கெட்டி," என்றார். முழுக்கத் தைத்து, வயிற்றில் விட்ட திறப்பு வழியாக உள்பக்கத்தை வெளியே இழுத்தோம். ரெக்சின் விறைப்பாக இருந்தது. வெயிலில் வைத்துச் சூடாக்கி, தோசைக்கரண்டியின் காம்பால் ஒவ்வொரு காலாகத் தள்ளினோம். மூன்றாவது காலைத் தள்ளும்போது தினசரி காலண்டர் தாளைக் கிழித்த மாதிரி ஓட்டை வரிசையோடு பிய்ந்து வந்தது.

"நீங்க வேகமாத் தள்ளிட்டீங்க," என்றார்.

"நீங்க நெருக்கமாப் போட்டுட்டீங்க."

"உங்க கூட வேல செய்யறதுக்கு நான் எதிர்க் கடைக்காரன்கூடவே செஞ்சிருக்கலாம் மாப்ள."

சொல்லிவிட்டு, தன் பேச்சைத் தானே கேட்டவர் போல நிறுத்திக்கொண்டார். நான் ஊசியில் நூல் கோத்தேன். பிய்ந்த இடத்தை விட்டு உள்ளே தள்ளித் தைத்ததில் அந்தக் கால் மட்டும் மற்றதைவிட ஒல்லியானது. மிச்ச ரெக்சினை இரட்டையாக மடித்துக் காதும் கொம்பும் வெட்டித் தலையில் தைத்தோம். ஸ்பாஞ்சுத் துண்டுகளை அடைத்தோம். கழுத்தில் ஒரு துண்டு கட்டியாகத் தங்கி, எதையோ விழுங்க முடியாமல் நிற்கிற முகம் வந்தது. வயிற்றுத் திறப்பை மூடி முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடித்தபோது மதியச் சோறு ஆறிப் போயிருந்தது.

தமிழ்மொழி எருமையைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"வாலு எங்க?"

மச்சான் எருமையைத் திருப்பினார். பிறகு என்னைப் பார்த்தார். வாலை நான் மறந்தேனா அவர் மறந்தாரா என்ற பேச்சுக்கு இருவருக்கும் தெம்பில்லை. பின்பக்கத் தையலில் குத்தூசியை விட்டு, ஒரு ரெக்சின் வாரை முடிச்சுப் போட்டுச் செருகினார். மஞ்சள் வில்லை வேண்டும் என்றாள். ஸ்வீட் டப்பா மூடியில் ஜோதி வெட்டிக் கொடுத்தாள். "இது நாளைக்கி," என்று தமிழ்மொழி அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் கோயிலில் பழையபடி எல்லோரும் வந்திருந்தார்கள். சாமிக்கண்ணு பெரியப்பா முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார். பாலாஜியும் வந்திருந்தான், அவனும் தாய்மாமன்தான், வராமல் இருக்க முடியாது. கூட்டத்தில் சேராமல் வேன் நிழலில் நின்றான். மச்சான் அந்தப் பக்கமே திரும்பவில்லை. பட்டுத் துண்டை மடியில் விரித்து உட்கார்ந்தார். தமிழ்மொழி எருமையை இடுக்கிக்கொண்டு, யாரும் கூப்பிடாமல், தானாகப் போய் அவர் மடியில் உட்கார்ந்தாள்.

அப்போது மச்சான் தலையை நிமிர்த்திச் சாமிக்கண்ணு பெரியப்பாவைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இதில் சந்தேகம் இல்லை.

"மொதல்ல எருமைக்கு," என்றாள் தமிழ்மொழி.

அரியமுத்து ஆசாரி எங்களைப் பார்த்தார். ஜோதி தலையாட்டினாள். அவர் கம்பியை எருமையின் காதில் வைத்து அழுத்தினார். காது இரட்டை ரெக்சின். கம்பி வளைந்தது. நிமிர்த்தி மறுபடி அழுத்தினார். மறுபடி வளைந்தது.

"தங்கம்மா இது," என்று ஜோதியிடம் முனகினார். "புள்ள காதுக்குக் கொண்டாந்தது. எருமத் தோலுக்கா கொண்டாந்தேன்?"

கூட்டத்தில் சிரித்தார்கள். மச்சானுக்குப் பொறுக்கவில்லை. அவர் தைத்தது, அவர் மடி, அவர் எருமை. சட்டைப் பைக்குள் கைவிட்டு, முந்தின நாள் குத்தூசியை எடுத்தார். அதை ஏன் கோயிலுக்குக் கொண்டுவந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தொழில்காரர் பையில் எதுவும் இருக்கும். எருமையின் காதைத் தரையோடு வைத்து, உள்ளங்கையால் ஒரே அழுத்து. பொட்டென்று சத்தம் வந்தது. ஊசியின் முனை மறுபக்கம் நீட்டிக்கொண்டு நின்றது.

"அவ்வளவுதான் கண்ணு. மாமன் குத்துனா வலிக்குமா?"

தமிழ்மொழி அந்த ஊசியைப் பார்த்தாள். முனையிலிருந்து பிடி வரைக்கும் பார்த்தாள். அழவில்லை, கடிக்கவில்லை. மெதுவாக மடியிலிருந்து எழுந்து, கூட்டத்துக்கு நடுவே நடந்து, வேன் நிழலில் நின்ற பாலாஜியின் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"நான் சின்ன மாமா மடியில," என்றாள். "எரும பெரிய மாமா மடியில."

பாலாஜி உட்காரவில்லை. கையை அவளிடம் கொடுத்துவிட்டு அண்ணனின் தலைக்கு மேலே எங்கோ பார்த்தபடி நின்றான். ஜோதி என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்லித் தொலை என்கிற பார்வை. நான் எருமையைப் பார்த்தேன். மச்சான் எழுந்து போயிருந்தால், பிள்ளை வேனுக்குள் போயிருப்பாள். எல்லோரும் மறுபடியும் சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அது எல்லோரையும்விட அவருக்கு நன்றாகத் தெரிந்தது. அவர் மணிக்கட்டில் பல் பதிந்த தழும்பு இன்னும் இருந்தது.

"என்னா அய்யம்பெருமா," என்றார் சாமிக்கண்ணு பெரியப்பா. "எருமைக்கும் தாய்மாமன் வேணும்ல."

மச்சான் எருமையின் காதிலிருந்து குத்தூசியை உருவித் துடைத்துப் பைக்குள் வைத்தார். பட்டுத் துண்டை இழுத்துச் சரிசெய்தார். எருமையை எடுத்து, பிள்ளையை வைக்கிற மாதிரியே, முகம் கிழக்கே பார்க்க மடியில் வைத்தார். ஒல்லிக் கால் மடங்கியது, அதை நிமிர்த்தினார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"குந்தச் சொல்லு அவன. ஆசாரி, எங்களுக்கு மொதல்ல போட்டு வுடுங்க. புள்ள பாத்துக்கிட்டு இருக்கு."

பாலாஜி அண்ணனுக்கு முழங்கால் இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்தான். தமிழ்மொழி அவன் மடியில் ஏறினாள். அரியமுத்து ஆசாரி செம்புக் கம்பியில் மஞ்சள் வில்லையைக் கோத்து எருமையின் காதில் முறுக்கினார். சந்தனம் வைக்கச் சொன்னாள். வைத்தார். பிறகு அவள் காதுக்கு வந்தார். முதல் காதுக்கு அவள் எட்டி எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது காதுக்கு அழுதாள். வால் கையோடு வந்துவிட்டது.

"வாலு சரியா முடிச்சுப் போடல," என்றான் பாலாஜி, யாரிடம் என்று இல்லாமல்.

"அவுங்கப்பன் போட்டது," என்றார் மச்சான், யாரிடம் என்று இல்லாமல். வாலைப் போட்டது நான் இல்லை.

அய்யம்பெருமாள் மச்சான் அதே கடையில் சீட் கவர் தைக்கிறார். பாலாஜி எதிர்க் கடையில் தைக்கிறான். இருவரும் இன்னும் பேசுவதில்லை. சரக்கு தீர்ந்தால் சாலையைத் தாண்டி ஆள் போகிறது. சாமிக்கண்ணு பெரியப்பா போன தை மாதம் காலமானார். அரியமுத்து ஆசாரி பார்வை மங்கித் தொழிலை விட்டுவிட்டார். ஜோதி நன்றாக இருக்கிறாள். தமிழ்மொழி மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். அன்று மச்சான் தாய்மாமன் சீராகக் கொண்டுவந்த கம்மல்தான் காதில் இருக்கிறது. எருமைக்கு ஒரு பக்கம் மட்டும் ரெக்சின் உரியத் தொடங்கியிருக்கிறது. அது எந்தக் கடைச் சரக்கு என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. வால் திரும்பத் தைக்கப்படவில்லை.